நூற்றுக்கு ஒன்பது

தன் பெண்டாட்டியைக் கொன்றது யார் என்று கண்டுபிடிப்பதற்காகத் தெய்வசிகாமணி வாத்தியார் ஒரு பெருங்காய டப்பாவுக்குள் கருவி கட்டிக்கொண்டிருந்தார். டப்பாவும் அவளுடையதுதான். பூங்கொடி உயிரோடு இருந்திருந்தால், "ஏனுங், இதுக்கு வேற டப்பாவே கெடைக்கலீங்களா?" என்று கேட்டிருப்பாள். அவர் காதில் விழாத மாதிரி இருந்திருப்பார்.

பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வு பெற்றவர்களில் சிலர் கோயில் கோயிலாகப் போவார்கள், சிலர் ஊர் வம்பை இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். இவர் சால்டரிங் அயர்னைத் தூக்கிக்கொண்டு கார் ஷெட்டுக்குள் புகுந்துகொண்டார். கார் ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கிற இடத்தில், பதினாறு முனை உள்ள ஒரு சாக்கெட் இருக்கும். மெக்கானிக் அதில் ஒரு கருவியைச் செருகி, வண்டிக்கு என்ன கோளாறு என்று பார்த்துச் சொல்வான். அந்தக் கருவியை வீட்டிலேயே செய்து பார்ப்பது பலருக்குப் பொழுதுபோக்கு. ஒரு சின்ன போர்டு, ஒரு சிப், நாலு வயர், கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும். ஆனால் கார்கள் தாமாகவே ஓட ஆரம்பித்த பிறகு நிலைமை மாறிவிட்டது. வண்டியின் மூளைக்குள் என்ன இருக்கிறது என்று கம்பெனிக்காரன் மட்டும்தான் பார்க்கலாம், வேறு யார் பார்த்தாலும் குற்றம் என்று சட்டம் கொண்டுவந்துவிட்டார்கள்.

குற்றமோ கிற்றமோ, பார்த்தே தீருவது என்று வாத்தியார் முடிவு செய்திருந்தார். அவருக்கு அதற்கு நியாயம் இருந்தது.

பெருந்துறை பைபாஸில் ஒரு கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள், கார் தானாக ஓடிக்கொண்டிருந்தது. முன்சீட்டில் வலது பக்கம் வாத்தியார், அவருக்குப் பக்கத்தில் மகன் மிதுன். பின்சீட்டில் வலது பக்கம் மருமகள் ஓவியா, இடது பக்கம் பூங்கொடி. முன்னால் போன டேங்கர் லாரி திடீரென்று ரோட்டுக்குக் குறுக்கே சாய்ந்தது. பிரேக் பிடித்தாலும் நிற்காது, விலகவும் இடமில்லை. அந்தக் கண்ணிமைக்கும் நேரத்தில் கார் ஒரு காரியம் செய்தது. நேராகப் போய் முட்டாமல் தன்னைத்தானே சுழற்றிக்கொண்டு, பின்பக்கத்து இடது மூலையைக் கொண்டுபோய் லாரியிடம் கொடுத்தது. மூன்று பேர் ஒரு கீறல்கூட இல்லாமல் இறங்கினார்கள். பூங்கொடியைக் கதவை அறுத்துத்தான் எடுக்க முடிந்தது.

கம்பெனியிடம் கேட்டபோது, "வாகனம் சரியான முடிவையே எடுத்திருக்கிறது" என்று பதில் வந்தது.

"சரியான முடிவாமா! யாருக்குடா சரி?" என்று வாத்தியார் போனைப் பார்த்துக் கத்தினார். போனில் பேசியது ஒரு மிஷின். அது பொறுமையாக அதே வாக்கியத்தை இன்னொரு தடவை சொன்னது.

அன்றிலிருந்தே அவர் மனதில் ஒரு சந்தேகம் ஊறிக்கொண்டிருந்தது. வண்டி டெலிவரி எடுத்தபோது வீட்டு ஆட்களின் பெயரை எல்லாம் அதில் ஏற்றியது ஓவியா. யாராவது ஏதாவது ஏற்றாமல் ஒரு வண்டிக்கு எப்படி இப்படி ஒரு புத்தி வரும்? மாமியார் மருமகள் என்றாலே மிச்சக் கதையை ஊரே எழுதிக்கொள்ளும். அவர்கள் இரண்டு பேரும் சமையல்கட்டில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததை வாத்தியார் ஒருநாளும் பார்த்ததில்லை. சமையல்கட்டுப் பக்கம் போனால்தானே பார்ப்பதற்கு!

இன்சூரன்ஸில் புதுக் கதவு மாட்டி, பெயிண்ட் அடித்து வண்டியைத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். மிதுன் விற்றுவிடலாம் என்றான். வாத்தியார் விடவில்லை. சாப்பாட்டு நேரம் போக மற்ற நேரமெல்லாம் ஷெட்டிலேயே கிடந்தார். ஓவியா காப்பியைக் கொண்டுவந்து பானெட் மேல் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போவாள்.

முதலில் கட்டிய போர்டு கருகிப்போனது. இரண்டாவதைச் செருகியதும் வைப்பர் தானாக ஆட ஆரம்பித்தது, ஹாரன் நிற்காமல் அடித்தது, பக்கத்து வீட்டு நாய் ஷெட் வாசலில் வந்து நின்று பதிலுக்குக் குரைத்தது. வாத்தியார் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பெண்டாட்டி செத்த வீட்டில் இப்படிச் சிரிக்கலாமா என்று அவருக்கே கூச்சமாகப் போயிற்று. ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும், அந்த நாட்களில் அவர் சந்தோஷமாகத்தான் இருந்தார். பூங்கொடி இருந்தபோதுகூட அவர் அவளைப் பற்றி இவ்வளவு நேரம் யோசித்ததில்லை.

மூன்றாவது போர்டு பேசியது. டப்பா மூடியில் ஒட்டியிருந்த சின்னத் திரையில் வண்டியின் மூளைக்குள் இருந்த விவரங்கள் ஒவ்வொன்றாக வந்தன. டயரில் காற்று, பேட்டரியில் சூடு, அதற்கும் கீழே நாலு பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஓர் எண். தெய்வசிகாமணி நாற்பத்தாறு. மிதுன் முப்பத்தொன்று. ஓவியா பதினான்கு. பூங்கொடி ஒன்பது. கூட்டிப் பார்த்தார், சரியாக நூறு வந்தது. யார் உயிர் எவ்வளவு பெறும் என்று வண்டி மார்க் போட்டு வைத்திருக்கிறது என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. இடிப்பதற்கு ஒரு மூலை வேண்டும் என்றபோது ஒன்பது மார்க்காரியின் மூலையைக் கொடுத்திருக்கிறது.

பூங்கொடியின் அண்ணன் சென்னியப்பன் அன்றைக்கு வீட்டுக்கு வந்திருந்தார். வாத்தியார் அவரை ஷெட்டுக்கு இழுத்துப் போய்த் திரையைக் காட்டி, இது ஓவியா போட்ட மார்க் என்றார்.

"ஏன் மாப்ள, அந்தப் புள்ளைக்கும் பதினாலுதான போட்டிருக்குது? அவளே போட்டுக்கறதுன்னா நெறையப் போட்டுக்க மாட்டாளா?" என்று சென்னியப்பன் கேட்டார்.

கேள்வி நல்ல கேள்வி. வாத்தியார் திரையை இன்னொரு தடவை பார்த்தார். அப்புறம் பதில் கிடைத்துவிட்டது. வேண்டும் என்று தேடினால் எந்தக் கேள்விக்குத்தான் பதில் கிடைக்காது?

"அதுதான் மச்சான் கெட்டிக்காரத்தனம். நெறையப் போட்டா நாளைக்கு மாட்டிக்குவாளே!"

"அடி பாதகத்தி!" என்றார் சென்னியப்பன். அவருக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது.

ஹாலில் உறவுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். வாத்தியார் காப்பியடித்த மாணவனைப் பிடித்த குரலில், "ஓவியா, இங்க வா கண்ணு" என்று கூப்பிட்டார். அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள்.

"வண்டி எடுத்தப்ப எல்லாத்து பேரையும் ஏத்துனது யாரு?"

"நாந்தானுங்க மாமா. பேரும் போட்டோவும் ஏத்துனனுங்க."

"நம்பரு?"

"போன் நம்பருங்களா மாமா?"

"நடிக்காத! எம் பொண்டாட்டிக்கு நூத்துக்கு ஒம்பது போட்டு வெச்சிருக்கற. இடிச்சா அவ போகட்டும்னு வண்டிக்குச் சொல்லிக் குடுத்திருக்கற. அவ உனக்கு என்ன பாவம் பண்ணுனா?"

ஓவியாவின் முகத்தில் முதலில் ஒன்றுமே தெரியவில்லை. சொன்னது மண்டையில் ஏற நேரமாயிற்று. "மாமா, சத்தியமா அதுல நம்பரே கேக்கலீங்க. நான் எதுக்குங்க அத்தைய..." என்று சொல்லி நிறுத்தி, புருஷன் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க. நீங்களும் பக்கத்துலதான இருந்தீங்க?"

மிதுன் தரையைப் பார்த்தான். "எனக்கு ஞாபகமில்ல" என்றான்.

இந்த இரண்டு வார்த்தையில்தான் அவள் உடைந்து போனாள். மாமனார் கத்தியதற்கோ, சென்னியப்பன் எழுந்து அடிக்கக் கையை ஓங்கியதற்கோ அவள் அழவில்லை. அன்று சாயங்காலமே அவளை ஒரு பையோடு தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வெயில் இன்னும் இருந்தது. தெருமுனை வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். மிதுன் ஜன்னலுக்குப் பின்னால் நின்றிருந்தான், வெளியே வரவில்லை.

போலீஸில் புகார் கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை உறுதி செய்துகொள்ளலாம் என்று வாத்தியார் கோயம்புத்தூருக்குப் போனார். அவரிடம் படித்த கோகிலவாணி அங்கே அதே கார் கம்பெனியில் வண்டிகளுக்கு மூளை எழுதும் வேலையில் இருந்தாள். பெரிய சம்பளம், சரவணம்பட்டியில் பெரிய ஃப்ளாட். டப்பாவைப் பார்த்ததும் அவள் வாயைப் பிளந்தாள்.

"இத நீங்களே கட்டுனீங்களா சார்? எங்க பூட்டையே தெறந்துட்டீங்களே!"

வாத்தியாருக்குப் பெருமை தாங்கவில்லை. "அத விடும்மா. இந்த நம்பரு ஓவியா போட்டதுதான்னு நீ ஒரு வார்த்த சொல்லு, போதும்."

கோகிலவாணி திரையைப் பார்த்தாள். டப்பாவைத் தன் கணினியோடு இணைத்து இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"சார், இந்த நம்பர யாராலயும் போட முடியாதுங்க. கம்பெனியே நெனச்சாலும் முடியாது. ஆளுக்கு ஆள் வித்தியாசம் பாக்கக்கூடாதுன்னு சட்டம் இருக்குதில்லீங்களா? அதனால நாங்க எதுவும் போடறதில்ல. வண்டி தானாக் கத்துக்கும்."

"எதக் கத்துக்கும்?"

"வீட்ல யாரு முக்கியம்னு. மொதல்ல இத சொகுசுக்காகத்தான் பண்ணுனோம் சார். யாரு சொன்னா ஏசி கூட்டணும், யாரு சொன்ன பாட்டப் போடணும், யாருக்காக நிக்கணும், இத வண்டி பாத்துப் பாத்துப் பழகிக்கும். அப்புறம் எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கு ஒரு ரோசனை வந்துச்சு. முட்டித்தான் ஆகணும்னு வரும்போது வண்டி எதையாவது வெச்சு முடிவு பண்ணணுமே, கையில இருக்கற இந்தக் கணக்கையே குடுத்துரலாம்னு சொன்னார். குடுத்துட்டோம்."

"ஒரு பொம்பளைக்கு ஒம்பது மார்க்குன்னு வண்டிக்கு யாரும்மா சொன்னது?"

"நீங்கதானுங்க சார்."

கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டவரைப் போல அவர் சிரித்தார். கோகிலவாணி சிரிக்கவில்லை. அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். ஒவ்வொரு மார்க்குக்கும் வண்டி காரணம் எழுதி வைத்திருந்தது. அவள் மெதுவான குரலில் வாசித்தாள். பின்சீட்டு அம்மா குளிருகிறது என்றார், முன்சீட்டு ஐயா ஏசியைக் குறைக்கவில்லை. அம்மா பேச ஆரம்பித்தார், ஐயா செய்திச் சத்தத்தைக் கூட்டினார். அம்மா கோயில் வாசலில் ஒரு நிமிடம் நிற்கச் சொன்னார், ஐயா நிற்கவிடவில்லை. அம்மா பெல்ட் போடுவதற்குள் ஐயா வண்டியை எடுக்கச் சொன்னார். மண்டபத்தில் எல்லோரும் சாப்பிடப் போனார்கள், பைகளைப் பார்த்துக்கொள்ள அம்மா மட்டும் வண்டியிலேயே உட்காரவைக்கப்பட்டார்.

"போதும்" என்றார் வாத்தியார்.

"அம்மாவும் கொஞ்சம் காரணந்தானுங்க சார். 'எனக்கென்னுங்க, எனக்கு ஒண்ணும் வேண்டாம், நீங்க பாருங்க'ன்னே எப்பவும் சொல்லியிருக்காங்க. நம்ம வீட்டுப் பொம்பளைங்க அப்படிச் சொன்னா அதுக்கு என்ன அர்த்தம்னு நமக்குத் தெரியும். வண்டிக்குத் தெரியலீங்க. அது அப்படியே நம்பிருச்சு."

வாத்தியார் தண்ணீர் கேட்டார். குடித்தார்.

"அந்த ஒம்பதுகூட எப்படி வந்துச்சுன்னு பாத்தீங்களா சார்?" கோகிலவாணி விடவில்லை. அவளுக்கும் கோபமா, தன் ஆபீஸின் மேல் உள்ள வெறுப்பா, தெரியவில்லை. "அந்த வண்டியில அம்மாவுக்காகப் பேசுன ஆளு ஒரே ஒருத்தர்தான். 'மாமா, அத்தைக்குக் குளுருதாமா, சித்த கொறச்சுக்குங்க.' 'மாமா, அத்தை இன்னும் ஏறலீங்க.' ஓவியா ஒவ்வொரு தடவ வாயத் தெறக்கும்போதும் அம்மாவுக்கு மார்க்கு ஏறியிருக்குது. நீங்க கேக்காம விட்டப்ப ரெண்டு பேருக்குமே எறங்கியிருக்குது. அந்தப் பொண்ணு பேசாம இருந்திருந்தா அவளுக்கு இருவதுக்கு மேல இருந்திருக்கும் சார்."

வாத்தியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கீழே ரோட்டில் ஆளில்லாத கார்கள் ஒன்றுக்கொன்று வழிவிட்டுப் போய்க்கொண்டிருந்தன.

"நான் சொன்னேன்னு வெளிய சொல்லீராதீங்க சார். வேல போயிரும். சொன்னாலும் கம்பெனி இல்லைன்னுதான் சொல்லும். இப்படி ஒரு கணக்கு இருக்குதுன்னு தெரிஞ்சா நாளைக்கு எவன் வண்டி வாங்குவான்?"

அப்படிச் சொல்லாமல் அவள் இருந்திருந்தால் ஒருவேளை எல்லாம் வேறு மாதிரி ஆகியிருக்கும். அவள் சொன்ன பிறகு, தனக்கு மட்டும்தான் உண்மை தெரியும் என்பது வாத்தியாருக்கு உறைத்தது.

திரும்பி வருகிற வழியெல்லாம் அவர் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். ஓவியா வீட்டுக்கு நேராகப் போவது, அவள் அப்பன் முன்னால் கையெடுத்துக் கும்பிடுவது, கூட்டிக்கொண்டு வருவது. இரண்டு தடவை அழுதுகூடப் பார்த்தார். நன்றாக வந்தது. அவினாசி தாண்டும்போது, மற்றவர்களுக்கு என்ன சொல்வது என்ற யோசனை வந்தது. சென்னியப்பனிடம், 'உன் தங்கச்சிய நாந்தான் கொன்னேன்' என்று சொல்வதா? பெருந்துறை வருவதற்குள் கண்ணீர் காய்ந்துவிட்டது.

வீட்டில் சென்னியப்பன் வக்கீலோடு காத்திருந்தார். மிதுன் மட்டும் ஷெட்டுக்கு ஓடிவந்தான். முகம் வெளுத்திருந்தது.

"அந்தக்கா என்னப்பா சொன்னாங்க?"

வாத்தியார் டப்பாவைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"சொல்லுங்கப்பா. நானாப்பா? எனக்குப் பயமா இருக்குதுப்பா. அம்மா பேசுனா நான் எப்பவும் காதுல ஹெட்போன மாட்டிக்குவேன். வண்டி அதப் பாத்துருச்சோன்னு... இந்த மாதிரி வண்டிங்க எல்லாத்தையும் பாக்கும்னு எங்கயோ படிச்சேன். என்னாலதான் அம்மா செத்தாங்களாப்பா?"

ஞாபகமில்லை என்று அவன் ஏன் சொன்னான் என்பது அப்போதுதான் விளங்கியது. பயல் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பெண்டாட்டியைக் கைவிட்டிருக்கிறான். அப்பனுக்குப் பிள்ளை தப்பாமல் பிறந்திருந்தான்.

"இல்ல சாமி. நீ இல்ல" என்றார் வாத்தியார். மகனின் தலையைத் தடவிக் கொடுத்தார். "கோகிலா பாத்துட்டு உறுதியாச் சொல்லீட்டா. எல்லாம் அவ பண்ணுனதுதான்."

மிதுன் அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான். அது நிம்மதியில் வந்த அழுகை. அவன் முதுகைத் தட்டிக்கொண்டே வாத்தியார், பெற்ற பிள்ளையைக் காப்பாற்றத்தானே இந்தப் பொய் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அது அவருக்கு மிகவும் ஆறுதலாக இருந்தது.

வக்கீல் புகாரை எழுதிப் போலீஸில் கொடுத்தார். கம்பெனிக்கு இதைவிட நல்ல செய்தி ஏது? வாத்தியார் பூட்டைத் திறந்ததற்காக அவர்மேல் வழக்குப் போட வேண்டியவர்கள், பூச்செண்டோடு ஆளை அனுப்பினார்கள். வீட்டு ஆள் ஒருவர் சட்டவிரோதமாக வண்டியின் மூளையில் கைவைத்திருக்கிறார், மற்றபடி எங்கள் வண்டியில் எந்தக் குறையும் இல்லை என்று செய்தி கொடுத்தார்கள். டிவியில் ஓவியாவின் கல்யாணப் போட்டோவைப் போட்டு, அவள் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டார்கள். கோகிலவாணி வாத்தியாரின் போனை எடுக்கவில்லை. அவரும் ஒரு தடவைக்கு மேல் அடிக்கவில்லை.

மகளிர் காவல் நிலையத்துக்கு அவரை வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடக் கூப்பிட்டார்கள். ஓவியா சுவரோரமாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவள் அப்பாவை வெளியே மரத்தடியில் நிறுத்தி வைத்திருந்தார்கள். மாமனாரைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் எழுந்து நின்றாள்.

"உக்காரும்மா" என்று இன்ஸ்பெக்டர் அம்மாள் அதட்டினாள். அவள் உட்காரவில்லை.

"மாமா, ஒண்ணே ஒண்ணு கேக்கறனுங்க. அத்தைக்கு ஒம்பதுன்னு சொன்னீங்க. எனக்கு எத்தனைங்க போட்டிருந்துச்சு?"

வாத்தியார் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். அந்த அம்மாள் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

"பதினாலு."

"அவருக்குங்க?"

"முப்பத்தொண்ணு."

"உங்களுக்குங்க மாமா?"

இதைச் சொல்ல அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. "நாப்பத்தாறு" என்றார்.

ஓவியா நாலு எண்களையும் மனதுக்குள் வரிசையாக வைத்துப் பார்த்தாள். ஒன்பது போய்விட்டது. அதற்கு மேலே இருப்பது எது என்று பார்க்கப் படிப்பெதுவும் தேவையில்லை.

"அப்ப அடுத்தது நாந்தானுங்களா மாமா?"

"ஆமா கண்ணு" என்றார் வாத்தியார். இன்ஸ்பெக்டர் அம்மாள் பேனாவைக் கண்டுபிடித்து நீட்டினாள், அவர் வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.